இரண்டாம் சங்கு

1

இந்த வருடம் மாசி மாதம், வடக்கே மறுபடியும் போர் மூளலாம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் ஆலையின் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் புதிதாக வந்திருக்கும் அதிகாரி, இங்கிலாந்துக்காரர், என் மகன் வயதுதான் இருக்கும். "போன போரில் தமிழ்த் தொழிலாளிகளுக்கு சைரன் விதிகளை நீங்கள்தான் விளக்கினீர்களாமே, இந்த முறையும் நீங்களே செய்துவிடுங்கள்" என்றார். சரி என்று சொல்லி வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை.

நான் இருப்பது சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில், தம்மாமுக்குப் பக்கத்தில். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் மின்பொறியாளன். பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் ராஜபாளையம். ஓய்வு பெறும் வயது கடந்துவிட்டது. ஆனாலும் பழைய இயந்திரங்களின் நோய் எனக்குத்தான் தெரியும் என்பதால் ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்து வைத்திருக்கிறார்கள். நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. போவதற்கு ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் யாரும் இல்லை.

என் நாள் இப்படிப் போகும். காலையில் ஆலை. மாலையில் கடலோரச் சாலையில் நடை. இரவு ஒரு கை அரிசி. வெள்ளிக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மெல்போர்னில் இருக்கும் மகனோடு தொலைபேசியில் பேசுவேன். அவன் தமிழில்தான் ஆரம்பிப்பான், நடுவில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவான், அவனுக்கே தெரியாது. பேத்தி வந்து "ஹலோ தாத்தா" என்பாள். நான் "சாப்பிட்டியாடா கண்ணு?" என்பேன். அவள் அப்பாவிடம் திரும்பி, தாத்தா என்ன கேட்கிறார் என்று கேட்பது எனக்குக் கேட்கும்.

அன்று ஆபீசிலிருந்து வந்த அந்தத் தொலைபேசிக்குப் பிறகு இந்த வரிசை கெட்டுப்போனது. ஏன் என்று எழுதுகிறேன்.

2

ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சங்கு என்றால் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மில்லில் ஷிப்டு நேரத்தை அறிவிக்க ஊதும் சைரனைத்தான் எங்கள் பக்கம் சங்கு என்போம். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த நூற்பு மில்லில் முதல் சங்கு ஆட்களைக் கிளப்புவதற்கு. இரண்டாம் சங்குக்குக் கேட் திறக்கும், உள்ளே இருக்கும் ஷிப்டு வெளியே வரும். இரண்டுக்கும் குரல் ஒன்றுதான். எத்தனையாவது சங்கு என்பதுதான் கணக்கு. ஊரில் உலை வைப்பதும் பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டுவதும் அதை வைத்துத்தான். கடிகாரம் கட்டியிருப்பவன்கூட "ரெண்டாஞ் சங்கு ஊதியாச்சா?" என்றுதான் கேட்பான்.

அந்தச் சங்கின் மோட்டாரும் என் பொறுப்பில் இருந்தது. அதைப் பிரித்துப் பூட்டும் ஃபிட்டர்தான் கனி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய் ஓயாது. மாஸ்டர் திட்டினால்கூட அதில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைத்துவிடுவார்.

மில் வேலை ஆட்டம் காண ஆரம்பித்த சமயத்தில் எனக்கு இந்த ஆலையில் வேலை கிடைத்தது. வந்த இரண்டு வருடத்தில், நம்பிக்கையான ஆட்கள் வேண்டும் என்று கேட்டார்கள். கனியையும், அதே மில்லில் இருந்த தளவாய்புரத்து முருகனையும், இன்னும் இரண்டு பேரையும் வரவழைத்தேன். நால்வரும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் இருந்தார்கள். நான் அதிகாரிகள் குடியிருப்பில் மனைவி சரோஜாவோடு இருந்தேன். ரம்ஜான் மாதத்தில் கனி எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவருவார். சரோஜா அதில் ஒரு கரண்டி கூடுதலாகத் தேங்காய்ப்பால் விட்டுக் குடிப்பாள்.

3

தொண்ணூறாம் வருடம் குவைத்துக்குள் படைகள் நுழைந்தபோது சரோஜாவை ஊருக்கு அனுப்பிவிட்டேன். தொழிலாளிகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டியில் இருந்தது.

அடுத்த தை மாதம் போர் தொடங்கியது. ஏவுகணைகள் எங்கள் கரைப்பக்கமும் வரும் என்றார்கள். அவற்றை வானத்திலேயே அடித்து நொறுக்க வேறு ஏவுகணைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ரேடார், செயற்கைக்கோள் என்று என்னென்னவோ இருந்தது. அதன் பொறியியல் எனக்குக் கொஞ்சம் புரியும், வியந்திருக்கிறேன். எங்கோ பாலைவனத்தில் ஒன்று கிளம்பிய உடனே இங்கே சைரன் ஊதிவிடும். ஆனால் அந்தச் சைரனைக் கேட்டு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு மனிதனுக்கும் அவன் மொழியில் யாராவது சொல்லியாக வேண்டும். தமிழுக்கு நான்.

கொடுத்த தாளில் தெளிவாக இருந்தது. சைரன் ஏறி இறங்கி அலறினால் தாக்குதல், உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே குரலில் நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கியது, வெளியே வரலாம். இரண்டையும் ஒலிப்பதிவில் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் இருந்தது.

அன்று மாலை அதிகாரிகளுக்கு விஷவாயு முகமூடி அளவு பார்த்துக் கொடுத்தார்கள். முதலில் அதிகாரிகளுக்குத்தான் வந்திருந்தது. தொழிலாளிகளுக்கு ஈரத் துண்டு. நான் அந்த முகமூடிக்குப் போகும் அவசரத்தில், சாப்பாட்டுக் கூடத்தில் நால்வரையும் நிற்க வைத்துப் பேசினேன்.

"ராக்கெட்டு எம்புட்டு நேரத்துல சார் வந்து சேரும்?" என்று கேட்டார் கனி.

"உனக்குன்னா கியூவுல நின்னு டோக்கன் வாங்கிட்டுத்தான் வரும், நீ மெதுவாப் பல்லு தேச்சுட்டு வா" என்றான் முருகன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ரொம்பக் குழப்பிக்காதீங்க. நம்ம மில்லுச் சங்கு மாதிரிதான். முதல் சங்குக்கு உள்ள போயி கதவை அடைச்சுக்கோங்க, ஈரத் துண்டைக் கீழ சொருகுங்க. ரெண்டாஞ் சங்குக்கு வெளிய வாங்க" என்றேன்.

"அப்ப ஷிப்டு கணக்குதான். வெளங்கிருச்சு சார்" என்றார் கனி.

ஒலிப்பதிவு நாடா என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. குரலில் உள்ள வித்தியாசத்தை நான் மறக்கவில்லை, தெரிந்தேதான் விட்டேன். இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கு வேறு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

4

முதல் சில தடவை நான் சொன்ன கணக்கே சரியாக இருந்தது. ஓர் அலறல், கொஞ்ச நேரம் கழித்து நீண்ட ஒலி. ஒன்று, இரண்டு. உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், சைரன் அலறியது. நான் என் குளியலறைக்குள் புகுந்து, கதவிடுக்கில் டேப் ஒட்டி, முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் மறுபடியும் அதே அலறல், ஏறி இறங்கி. இன்னொன்று வருகிறது என்று எனக்குப் புரிந்தது. கண்ணாடிக்குள் என் மூச்சுப் படிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொழிலாளர் குடியிருப்பு அறையில் இருக்கும் நான்கு பேரும் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் எண்ணினார்கள். முருகன் பின்பு சொன்னான். கனி அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்திருக்கிறார். இரண்டாவது முறை ஊதியதும், "ரெண்டாஞ் சங்கு ஊதிருச்சுலே, குழம்பு அடிப்பிடிச்சிரும்" என்று கதவைத் திறந்துகொண்டு சமையல் கொட்டகைக்குப் போயிருக்கிறார். மற்ற மூவரும் வாசல்வரை வந்துவிட்டார்கள்.

வானத்தில் ஏவுகணையை ஏவுகணை அடித்தது. தடுத்துவிட்டார்கள் என்று இரவுச் செய்தியில் சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் அடித்த இரும்பும் அடிபட்ட இரும்பும் காற்றில் கரைந்துபோவதில்லை. எங்காவது விழுந்தாக வேண்டும். ஒரு துண்டு கொட்டகையின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு கனியின் காலில் விழுந்தது.

5

வலது கால் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போதைய பாதுகாப்பு அதிகாரி ஒரு ஸ்காட்லாந்துக்காரர், நல்ல மனிதர். கனிக்கு நினைவு தெளிந்ததும் விசாரிக்க வந்தார். மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார்.

சைரன் ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஏன் வெளியே போனார் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

கனி என்னைப் பார்த்தார். அவருக்குக் குழப்பம்தான் இருந்தது, கோபம் இல்லை. "நீங்கதான சார் ரெண்டாஞ் சங்குக்கு வெளிய வரச் சொன்னீக? எண்ணிட்டுத்தான வந்தேன்" என்றார்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ராக்கெட் வெடிப்பதை வேடிக்கை பார்க்கப் போனாராம்."

அவர் பெருமூச்சு விட்டு, எல்லோருக்கும் அதைப் பார்க்க ஆசைதான் என்றார். கனியின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான் கட்டிலருகில் தங்கினேன். உங்கள் மச்சினன் சுலைமானை இங்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். கனி தலையாட்டினார். மறுநாள் முருகனிடமும் மற்றவர்களிடமும் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, குரல் வித்தியாசத்தை விளக்கினேன். "அப்ப அன்னைக்கு எண்ணச் சொன்னீகளே சார்?" என்றான் முருகன். "நீங்க சரியாக் கேக்கல" என்றேன். அவன் மற்ற இருவரையும் பார்த்தான். நாம்தான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மூன்று பேரும் நம்பத் தொடங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

போர் முடிந்து கனி ஊருக்குப் போனார். மற்றவர்களும் ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சுலைமான் வந்து சேர்ந்தான்.

6

அதன் பிறகு நான் ஊருக்குப் போனபோதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போயாக வேண்டும். மதுரையிலிருந்து வேறு வழி சுற்று. பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நேரமெல்லாம் தூங்குகிறவன் மாதிரி இருப்பேன். ஒருமுறை அப்படி மூடியிருந்து நிஜமாகவே தூங்கிப்போய், ராஜபாளையத்தில் கண்டக்டர் எழுப்பினார். திடுக்கிட்டு அவரிடம், போகலாம் என்பதை "யல்லா, யல்லா" என்று அரபியில் சொல்லிவிட்டேன். "இந்தி ஆளு போலடே, பாத்து எறக்கி விடு" என்றார் அவர், கிளீனரிடம். நான் பிறந்த தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

போர் முடிந்தும் ஊரிலேயே தங்கிவிட்ட சரோஜாவின் முடிவும் எனக்கு அப்படித்தான் வாய்த்தது. நெஞ்சுவலி என்று தந்தி வந்தது ஒரு வியாழன் மாலை. இங்கிருந்து வெளியேற அனுமதி முத்திரை வேண்டும். வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை போனால், பழைய அனுமதியில் என் தகப்பனார் பெயரை ஒரு மாதிரியும் புதியதில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள், அதைச் சரிசெய்யாமல் முத்திரை கிடையாது என்றார் கவுண்டரில் இருந்தவர். என் மனைவி இறந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வந்த அரபி, "என் வீடு நோயாக இருக்கிறது" என்பதுதான். இன்ஷா அல்லா, நாளைக்கு வா என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்து, பந்தல்காரன் கம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

கொட்டகைக் கதையைச் சரோஜாவிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகச் சொல்லியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

7

மாசி மாதத்துக் கூட்டத்துக்கு வருகிறேன். கூடத்தில் தமிழர்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் புதியவர்கள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. இரண்டு ஒலிகளையும் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொருவராக எழுப்பி, இது உள்ளேயா வெளியேயா என்று கேட்டேன். "ஸ்கூலு தேவலை" என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான். எத்தனை முறை ஊதினாலும் எண்ணக் கூடாது, குரலைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

கடைசியில் இளைஞரான அந்த அதிகாரி திரையில் ஒரு படத்தைப் போட்டார். கிழிந்த தகரக் கூரை. போன போரில் ஒரு தொழிலாளி ராக்கெட்டை வேடிக்கை பார்க்க வெளியே போய்க் காலை இழந்தார், ஆர்வம் ஆபத்து, என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இதை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்தார்.

என் பொய் பாடமாகிவிட்டிருந்தது. ஏழு வருடமாக எல்லா மொழிக்காரர்களுக்கும் அதைக் காட்டியிருக்கிறார்கள். நான், கூட்டம் முடிந்தது, போகலாம் என்று தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டீர்களா என்று அவர் கேட்டதற்கு ஆம் என்றேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

வாசலில் சுலைமான் பிடித்துக்கொண்டான். "என்ன சார், எங்க மச்சான் கதையைச் சொல்லாம விட்டுட்டீக? அதைச் சொன்னாத்தான பயலுக பயப்படுவானுக."

"ஊர்ல கனி எப்படி இருக்காரு?"

"மோட்டாருக்குக் காயில் கட்டுதாரு. நல்ல ஓட்டம்தான். எங்கக்காதான் இன்னும் விடல. போன வாரம் போன்லகூட ஏசுது. பொண்டாட்டி புள்ளைய நெனைக்காம வானத்தைப் பாக்கப் போன மனுசன்னு. அது ஒண்ணுதான் சார் அங்க ஓயாத சண்டை."

அன்று இரவு சமைக்கவில்லை. கனியின் காலை மட்டும்தான் நான் போக்கினேன் என்று இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தேன். பெண்டாட்டி பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாமல் வேடிக்கை பார்க்கப் போனவர் என்று ஒரு பெண் தன் புருஷனை ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. பங்குனியில் விடுப்பு எடுத்தேன்.

8

இந்த முறை பஸ்ஸில் கண்ணை மூடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மோட்டார் காயில் கட்டும் கனி கடை எங்கே என்று டீக்கடையில் கேட்டேன். "ராக்கெட்டுக் கடையா? அந்தச் சந்துல போங்க" என்றார்கள்.

கனி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார். பிளவக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் அவரோடு மல்லுக்கு நின்றார்.

"ஏலே ராக்கெட்டு, எம் மோட்டார் எப்பத்தாம்லே மேல கெளம்பும்? தென்னையெல்லாம் காயுது."

"திரி வச்சாச்சு மாமா. நாளைக்குக் காலைல வந்து பத்த வையிங்க. தள்ளி நின்னுக்கோங்க, அம்புட்டுத்தான்."

விவசாயி சிரித்துக்கொண்டே போனார். கனி என்னைப் பார்த்தார். பிறகு, "என்ன சார் இம்புட்டு மெலிஞ்சுட்டீக? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று காலை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

வீடு கடைக்குப் பின்னால்தான். அவர் மனைவி மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். "வாங்க சார், வாங்க. எந்தம்பிக்கு வேலை வாங்கிக் குடுத்தவிய. நல்லா இருக்கணும் நீங்க." டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்து, "சார்ட்டயும் வானத்துல பூ பூத்த கதையைத்தான் அளக்குறீகளா? ஊருக்கெல்லாம் சொல்லி முடிஞ்சு, இனி அவியளுக்குத்தான் பாக்கி" என்றார்.

"நான் பாத்தேன்ல, நீ பாத்தியா?" என்றார் கனி.

"பாத்துக் கிழிச்சீக. ரெண்டு காலோட போயி ஒத்தக் காலோட வந்தீக."

இது அவர்கள் வீட்டுப் பழக்கப் பேச்சு என்று கேட்டவுடன் தெரிந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "அவர் வேடிக்கை பாக்கப் போகலம்மா" என்றேன்.

கனி சட்டென்று, "சார், டீ ஆறுது" என்றார்.

"கனி, நான் சொல்லிடறேன்."

"பழைய கதை சார். எதுக்கு இப்ப? குடிங்க." கண்ணால் வேண்டாம் என்றார். நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நான் சொன்னது, என் சட்டைப்பையில் இருந்த நாடா, ஆஸ்பத்திரியில் நான் மாற்றிச் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மைமூன் என்னைத் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனிடம் கேட்டார்: "இவிய சொல்றது நெசமா?"

"ம்."

"அப்ப எதுக்குத்தான் வெளிய போனீக?"

"குழம்பு அடிப்பிடிச்சிருமேன்னு போனேன்."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஏழு வருசமா என்னையப் பேச விட்டுட்டீகளே" என்றார், மெதுவாக. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கனி என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார்.

"ஆஸ்பத்திரில நீங்க மாத்திச் சொன்னது எனக்கு அப்பவே தெரியும் சார். ராக்கெட்டு, லுக்கு, இது ரெண்டும் வெளங்காதா எனக்கு?"

"ஏன் சொல்லல?"

"யாருட்டச் சொல்ல? வெள்ளக்காரன்ட்டயா, எந்த மொழில? இங்க வந்து இவட்டச் சொல்லியிருந்தா, நேரா ராசபாளையத்துக்கு வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னு கத்தியிருப்பா. அங்க அந்தம்மா தனியா இருந்தாக. பொறவு சுலைமான் வேலை என்னாகும்? யோசிச்சேன். வேடிக்கை பாக்கப் போனேன்னே வச்சுக்கிட்டேன். எண்ணத் தெரியாம போயி மாட்டுனவங்குறதுக்கு, ராக்கெட்டைப் பாத்தவங்குறது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு டீயாவது கெடைச்சுது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை உதறினார். அப்போதுதான் அவர் குரலில் கோபத்தைக் கேட்டேன்.

"உங்களுக்கு மனசு லேசாயிருச்சு, எந்திரிச்சு வந்துட்டீக. அவ கத்துவா, நானும் கத்துவேன், பொறவு ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம். அது ஒரு மாதிரி ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்பப் போயிப் பாத்தா பேசாம மூலையில உக்காந்திருப்பா. அதை நான் என்ன சொல்லி எழுப்புறது? நீங்க பிளேன் ஏறிருவீக."

பஸ் வந்தது. ஏறினேன்.

9

திரும்பி வந்ததும் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அது அவர் வருவதற்கு முந்திய காலம், கோப்பு மூடியாயிற்று, அந்தப் படம் பயன்படுகிறது என்றார். இன்னும் காட்டுகிறார்கள். வராமல் போன போருக்காக ஒட்டிய டேப்பை எல்லாக் கதவுகளிலிருந்தும் உரித்துவிட்டார்கள். பசை மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மெல்போர்னுக்குப் பேசிவிட்டுக் கனியின் கடைக்கும் பேசத் தொடங்கினேன். முதல் தடவை அவர் சுருக்கமாகத்தான் பேசினார். "சோறு நல்லா வைக்கா சார். கேட்டதைச் செய்தா. ஆனா வாயத் தொறக்கல. நான் வம்புக்குன்னு ராக்கெட்டுப் பேச்சை எடுத்தாக்கூட எந்திரிச்சுப் போயிருதா." அடுத்த வாரமும் அதுதான். அதற்கடுத்த வாரம், "இனிமே போன் பண்ணாதீக சார், உங்க பேரைக் கேட்டாலே அழுதா" என்றார். பண்ணவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போனது.

போன வெள்ளியன்று என் தொலைபேசி அடித்தது. மகன் பேசி முடித்துவிட்டான், வேறு யாரும் எனக்குப் பேசுவதில்லை. எடுத்தேன்.

"நான் மைமூன் பேசுதேன்."

"சொல்லுங்கம்மா."

"சுலைமான்ட்ட நம்பர் வாங்குனேன். உங்களை நல்லாக் கேக்கணும்னு இருந்துச்சு. அன்னைக்கு வாயே வரல."

"கேளுங்க."

கேட்டார். நொண்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகும் மனிதனை, வேடிக்கை பாத்த காலுதானே மெதுவாப் போகட்டும் என்று நான் என் வாயால் சொல்லியிருக்கிறேன், அந்தப் பேச்சை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றார். மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இவரை ராக்கெட்டுன்னு கூப்பிட்டுச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன் என்றார். படிச்ச மனுசன் அந்தச் சத்தத்தை ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தால் உன் கை தேய்ந்தா போயிருக்கும் என்றார். நடுவில் 'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டிருந்தது. பின்னால் கனி "ஏய், போதும் விடு, அவிய வயசானவிய" என்பதும், "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு இருக்கு" என்று மைமூன் அவரை அதட்டுவதும் கேட்டது. அதற்குக் கனி ஏதோ பதிலுக்குக் கத்தினார்.

நான் தொலைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மைமூன் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நான் போய்விட்டேனோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"வச்சிராத. நான் இன்னும் முடிக்கல."

"வைக்கலம்மா" என்றேன்.